நூறு மீட்டருக்கு எத்தனை பாகம்

எதையாவது எழுதி வைத்திருந்தால் அதைப் படிக்காமல் கடந்துபோக என்னால் முடியாது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மாவு பாக்கெட்டின் ஓரம், மீஞ்சூர் ஸ்டேஷனில் தண்டவாளத்தைக் கடக்கக் கூடாது என்று தொங்கும் பலகை, எல்லாவற்றையும் படித்துவிடுவேன். படித்ததோடு விட்டாலும் பரவாயில்லை, அதன்படி நடக்கவும் செய்வேன். மீஞ்சூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த என் அப்பாவும் அப்படித்தான். கூட்டம் மொத்தமும் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்கும்போது, நாங்கள் இருவர் மட்டும் மேம்பாலத்தில் ஏறி ரயிலைத் தவறவிட்டிருக்கிறோம்.

கல்யாணமாகிப் பழவேற்காட்டுக்கு வந்தபோது, வீட்டின் பின்வாசலில் நின்றால் ஒரு நீலப் பலகை தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. பின்வாசலைத் தாண்டினால் மணல் திடல். அங்கே குப்பத்து ஆட்கள் வலை காயப்போடுவார்கள். நடுவில் நாலைந்து சீமைக்கருவேலம். அதற்கு அப்பால் ஒரு மதில், மதிலுக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள். எங்கள் குப்பத்தில் அதற்கு வெள்ளைக்காரன் கல்லறை என்றுதான் பேர்.

வந்த இரண்டாம் நாளே போய்ப் பலகையைப் படித்தேன். இது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். சேதப்படுத்தினால் தண்டனை உண்டு. எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். அன்றைக்கு நான் எதையும் கட்டுவதாக இல்லை. ஆனாலும் மனதில் பதிந்துவிட்டது.

அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் இங்கே சிரிப்பார்கள். நுழைவாயிலின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் படுத்திருக்கும் பெரிய கருங்கல் பலகைகள், அவற்றில் பூவும் கொடியும் கப்பலும் நமக்குத் தெரியாத எழுத்துகளும். என்னால் படிக்க முடியாமல் போன எழுத்துகள் அவை மட்டும்தான். அதனால் அங்கே உட்கார்ந்தால் எனக்கு ஒருவகை ஓய்வு கிடைக்கும். என் மகள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலங்களில் அவளையும் கூட்டிக்கொண்டு போவேன். எண்களை அவள் கற்றதே அந்தக் கல்லில் விரல் வைத்துத்தான். காட்டூரிலிருந்து மொபெட்டில் வரும் காவல்காரர் எங்களைக் கண்டால், "வாம்மா, உங்க சொந்தக்காரங்க எல்லாம் சௌக்கியமாத்தான் கீறாங்க" என்பார்.

எங்கள் வீட்டில் கழிப்பறை இல்லை. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் இருந்தது. அவர்கள் என் மாமனாருக்குப் பங்காளி. இரண்டு குடும்பமும் அதையே பயன்படுத்தினோம். பிறகு அவர்கள் வேலைக்காக மீஞ்சூருக்குக் குடிபோனார்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு எங்களுக்குத் தெருக்கோடியில் உள்ள பொதுக் கழிப்பிடம்தான். அங்கே போகக் கல்லறையின் நுழைவாயிலைக் கடக்க வேண்டும்.

பெரியவர்களாகிய நாங்கள் சமாளித்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது, முதல் வகுப்பு. பகலில் அந்த எலும்புக்கூடுகளோடு அவளுக்குச் சிநேகம். தலையில் எதையோ சுமந்து நிற்பதற்கு மூட்டைக்கார மாமா என்றும், மற்றதற்குத் தலைவலி மாமா என்றும் பேர் வைத்திருந்தாள். இருட்டியபின் அவர்கள் பக்கம் போகமாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

ஒருநாள் அங்கே வெளியூர் ஆட்கள் சிலர் வந்து, இது யாருடைய இடம் என்று என்னிடம் கேட்டார்கள். "டச்சுக்காரங்களை இங்க அடக்கம் பண்ணியிருக்காங்க" என்றேன். அவர்கள் போனதும் மகள் வாயிலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"அதான் இப்டி ஆயிட்டாங்களாம்மா?"

"எப்டி?"

"எலும்பா. அடக்கி அடக்கி."

நான் சிரித்துவிட்டேன். அன்றிரவு கணவரிடம் சொல்லி அவரும் சிரித்தார். மறுநாள் மாமியார் அதை மீன் மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதில் சிரிக்க எதுவும் இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். பொன்னேரியில் டாக்டரிடம் காட்டினோம்.

"பாப்பா தண்ணியே குடிக்கிறதில்லையா?"

"குடிக்கிறாளே டாக்டர். நானே ஊத்திக் குடுக்கிறேன்" என்றேன், கொஞ்சம் ரோஷத்தோடு. பள்ளிக்கு எடுத்துப்போகும் பாட்டில் தினமும் காலியாகத்தான் திரும்பியது. வீட்டில் ஒரு டம்ளர் கொடுத்தால் அடுத்த நிமிடம் வெறும் டம்ளர் என் கைக்கு வரும். டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார்.

பின்வாசலை ஒட்டி, ஐஸ் வைத்து மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் நான் கனகாம்பரம் வைத்திருந்தேன். உப்புக் காற்றில் எதை வைத்தாலும் சோர்ந்துபோகும் இடத்தில், அந்தச் செடி அந்த ஆண்டு அப்படிப் பூத்தது. மாமியார் தினமும் கிள்ளித் தொடுத்துக் கொண்டையில் வைத்துக்கொண்டுதான் மீன் விற்கப் போவார். "இன்னாமே ஊத்துற இதுக்கு? ஷோக்கா கீது" என்பார். என்றைக்காவது நான் ஊற்றும் அரிசி கழுவிய தண்ணீர்தான் என்று பெருமையாகச் சொல்வேன்.

காய்ச்சல் விட்ட நாலாம் நாள், அடுப்படியிலிருந்து தற்செயலாகத் திரும்பினேன். மகள் டம்ளரோடு பின்வாசலில் குந்தியிருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், சத்தம் வராமல், பெட்டியின் ஓரமாகச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்ததும் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், குடித்தவள் துடைப்பது போல.

திட்டவில்லை. பக்கத்தில் குந்தி, "ஏன் பாப்பா?" என்றேன்.

"குடிச்சா வரும். வந்தா அடக்கணும். அடக்குனா அவுங்க மாதிரி ஆயிடுவோம்ல." அவள் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். "குடிக்கலன்னா அடக்கவே வேணாம்."

அவள் கணக்கில் தவறில்லை. எத்தனை தடவை அவளிடம் 'அடக்கமா இரு' என்று சொல்லியிருப்பேன். விருந்தாளி வந்தால், கால் பரப்பி உட்கார்ந்தால், சத்தமாகச் சிரித்தால். பொன்னேரி பஸ்ஸில் 'கொஞ்சம் அடக்கிக்கோ'. நல்ல அம்மா சொல்வதைத்தான் சொன்னேன் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். எந்த வார்த்தை எந்தக் காதில் எப்படி விழுந்ததோ. இன்றைக்கும் அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுக்கும்போது ஒருமுறை நிறுத்திவிட்டுத்தான் சொல்கிறேன், அல்லது சொல்லாமல் விடுகிறேன்.

கணவரிடம் மட்டும் சொன்னேன். மாமியாரிடம் சொல்லவில்லை. அந்தப் பூவை அவர் ஆசையாக வைத்துக்கொள்கிறார். குழந்தையைத் திட்டுவாரோ, தன்னையே நொந்துகொள்வாரோ என்று பயம். கணவர் அதிகம் பேசமாட்டார். ஏரியில் படகு ஓட்டுகிறவர், அங்கே பேசினால் மீன் ஓடும் என்பார். மறுநாள் காலையிலேயே கொத்தனாரைப் பார்த்து, பின்பக்கத்தில் ஒரு கழிப்பறை கட்ட வரச்சொல்லிவிட்டு வந்தார்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு நீலப் பலகை ஞாபகம் வந்தது.

"பின்னால கட்டலாமான்னு தெரியலைங்க. போர்டுல போட்டிருக்கு."

"இன்னா போர்டு?"

"கல்லறைப் போர்டு."

"அது வெள்ளக்காரனுக்குப் போட்டது."

"தமிழ்ல போட்டிருக்குங்க."

பிறந்ததிலிருந்து அந்தப் பலகையின் எதிரில் வளர்ந்தவர் அவர். அதன் நிழலில் கோலி விளையாடியிருக்கிறார், ஒருமுறை கூடப் படித்ததில்லை. நான் விவரம் சொன்னதும் மாமியார் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

"ஏரிக்குள்ள போனா பறவைக்குப் பாதுகாப்புன்றான். இங்க வந்தா பொணத்துக்குப் பாதுகாப்புன்றான். நடுவுல உசுரோட கீறவங்களுக்குத்தான் ஒண்ணுங் கெடையாது. நீ ஏன்மே அத்தப் போய்ப் படிச்ச?"

பக்கத்துத் தெருவில் ஒருவர் அனுமதி கேட்காமல் மாடி எழுப்பி, நோட்டீஸ் வந்து, பாதியில் நிற்கிறது. அதன் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதைக் காட்டினேன். மாமியார் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

மாமனார்தான் உற்சாகமானார். கடலில் பல வருஷம் ஓடி, முழங்கால் வலியால் இப்போது கரையில் வலை சீர்பார்க்கிறவர். "நூறு மீட்டர்னா எத்தினி பாகம்?" என்றார்.

இரண்டு கைகளையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம். வலைக்கயிறு, தண்ணீரின் ஆழம், நங்கூரக்கயிறு எல்லாம் இங்கே பாகக் கணக்குதான். ஒரு பாகம் ஆறு அடி என்று வைத்து செல்போனில் கணக்குப் போட்டேன். ஐம்பத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

"அவ்ளோதானே. அளந்துட்டாப் போச்சு."

மறுநாள் காலை திடலில் காயப்போட்டிருந்த வலைகளை ஒதுக்கினார்கள். மாமனார் கயிற்றின் ஒரு நுனியை மதில் தாண்டி முதல் கல்லறையில் பிடிக்கச் சொன்னார். காவல்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "பெரியவரே, செவுத்துலேர்ந்துதான் அளக்கணும்" என்றார்.

"செவுரு இன்னா செத்துப்போன ஆளா?"

"செத்துப்போனவங்களைக் காப்பாத்துற ஆளு. நானும் அதே வேலதான்."

மாமனார் சரி என்று ஒத்துக்கொண்டார். மதிலிலிருந்து எங்கள் பின்பக்கத்தில் கழிப்பறைக்கு அடித்திருந்த குச்சி வரை கயிற்றை நேராக இழுத்துப் பிடித்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டார்கள். பிறகு மாமனார் கயிற்றை மார்போடு சேர்த்துக் கைகளை விரித்து, ஒன்றுக்கு லாபம் என்று சொல்லும் வழக்கப்படி எண்ண ஆரம்பித்தார். "லாபம், ரெண்டு, மூணு..."

"இதுல இன்னாய்யா லாபம்?" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல்.

ஐம்பத்தெட்டரை. "மூணு பாகத்துக்கு மேலயே தாண்டியாச்சு! கொத்தனாரக் கூப்புடு" என்றார் மாமனார். சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். எனக்கும் ஒரு நிமிடம் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு மாமனாரைப் பார்த்தேன். அவர் என் உயரம்கூட இல்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். கணவரே சொல்லிவிட்டார். "நைனா, உங்க கை குட்டை."

"இந்தக் குட்டக் கையாலதான்டா உனக்கு சோறு போட்டேன்."

"அதுக்கில்ல நைனா. உங்க மருமவ சொன்னது ஆறடிப் பாகம்."

கணவர் அளந்தார். நல்ல உயரமானவர், கை நீளம். ஐம்பத்து மூன்றே முக்கால் வந்தது. எல்லைக்கு உள்ளே.

திடலே கலகலத்தது. "மாப்ள, கைய மடக்கிக்கினு அள!" என்று ஒருத்தி. "பொண்டாட்டி சொன்ன கணக்கு வர்றவரைக்கும் அளப்பான்" என்று இன்னொருத்தி. மாமனார், கயிறு வெயிலில் சுருங்கியிருக்கும், நனைத்துவிட்டு அளக்கவேண்டும் என்றார். ஏரிக்கு ஒரு அளவு, கல்லறைக்கு ஒரு அளவா என்றார். அவரவர் கையால் அளந்தால் குப்பத்தில் ஆளுக்கொரு நூறு மீட்டர் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதிலும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று தலைமுறையாகக் கயிறும் ஆழமும் அப்படித்தான் சரியாக அமைந்திருக்கின்றன. அவரவர் வலையை அவரவர் கையால் இழுப்பதால் தப்பு வந்ததில்லை.

காவல்காரர் சிரித்தார். "எங்க ஊர்ல சென்ட்டு, உங்க ஊர்ல பாகம். கவர்மெண்டுக்கு மீட்டர்தாம்மா."

மகள் படிக்கும் பள்ளியில் நீளம் தாண்டுவதை அளக்கும் முப்பது மீட்டர் நாடா இருந்தது. விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவந்தேன். என்ன வேலைக்கு என்று அவர் கேட்டபோது, வீட்டு வேலைக்கு என்று மட்டும் சொன்னேன். மதிலிலிருந்து குச்சி வரை தொண்ணூற்று நாலு மீட்டர்.

ஆறு மீட்டர்தான் குறைந்தது. ஆறு மீட்டர் என்பது எங்கள் படகின் நீளம்கூட இல்லை. கூட்டம் கலைந்தது. குச்சிக்குப் பக்கத்தில் கனகாம்பரம் பளபளவென்று நின்றது. எனக்கு அதைப் பிடுங்கி எறியவேண்டும் போல இருந்தது. படித்த பெண்ணைக் கட்டிவந்ததற்குப் பதில் இதுதானா என்று யாரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வாரம் சுவர் எழும்பியிருக்கும். என் பிள்ளைக்கு ஒரு கதவு இருந்திருக்கும்.

கணவர் நாடாவைக் கீழே வைக்கவில்லை. பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தார், அடுப்படியைத் தாண்டினார், கூடத்தில் ஓரிடத்தில் குனிந்து சாக்பீஸால் கோடு போட்டார். நூறு என்ற எண் எங்கள் கூடத்தில், டிவிக்கு எதிரே விழுந்திருந்தது.

மகளுக்கு ஒரே குதூகலம். கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டிக் குதித்தாள். மாமியார் கோட்டைப் பார்த்தார். அவர் பாய் விரிக்கும் இடம் கோட்டுக்கு அடுப்படிப் பக்கம் இருந்தது.

"அப்ப நான் படுக்கற எடம் பாதுகாத்த எடமா?"

"நீயே பழைய சின்னந்தானே" என்றார் மாமனார்.

"நான் சின்னம்னா நீ இன்னா? வாசல்ல நிக்குதே, அந்த எலும்பு."

அன்றைக்கு முதல்முறையாக நாங்கள் சிரித்தோம். கணவர் சிரிக்கவில்லை. நாடாவை முன்வாசலுக்கு வெளியே கொண்டுபோய், வேலியோரம் நிறுத்தினார். நூற்று நாலு. அவர் நின்ற இடத்தைப் பார்த்ததும் மாமியாரின் சிரிப்பு நின்றது.

"இங்கயா? தெருவப் பாத்தா?"

முன்வாசலில்தான் அவர் காலையில் உட்கார்ந்து இறாலைப் பெரிசு சிறிசு பிரிப்பார். திருவிழாவில் அம்மன் வரும் தெரு அது. எங்கள் வாசலில் நின்று தேங்காய் வாங்கிக்கொண்டுதான் போகும். "அம்மன் வர்ற வழியில கக்கூஸ் கட்டி வரவேற்பியா? ஊர் சிரிக்கும்மே" என்றார். கொல்லையில் இருக்கவேண்டியதை வாசலில் வைப்பதா என்று நானும் உள்ளுக்குள் கூசினேன். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். இரண்டு நாள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கூடத்துக் கோட்டை மிதிக்காமல் எல்லோரும் தாண்டித் தாண்டி நடந்தார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

மூன்றாம் நாள் காலை மாமியார் பூக்கிள்ளிக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று முதல்நாள் இரவே நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். எதுவும் ஞாபகம் வரவில்லை.

"அத்தை, அது நான் ஊத்துற அரிசித் தண்ணியில பூக்கலை."

"பின்ன?"

சொன்னேன். டம்ளர், பள்ளி பாட்டில், வாயைத் துடைத்துக்கொண்டது, அடக்கினால் எலும்பாகிவிடுவோம் என்றது, எல்லாம். மார்க்கெட்டில் அந்த வேடிக்கையைச் சொன்னவர் அவர். கையிலிருந்த பூக்களைப் பார்த்தபடி நின்றார். தொடுக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. பிறகு முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சின்னப் புள்ளைல நானும்தான்" என்றார். "அப்ப கக்கூஸு ஏதுமே. இருட்டுனாதான் போக முடியும். பகல்ல வாயில தண்ணி படாது. வெயில்ல மீன் கூடையோட நடந்துக்கினு, நாக்கு ஒட்டிக்கும்." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அம்மனும் பொம்பளதானே. அவளுக்குத் தெரியாதா இந்த அவஸ்த? வாசல்லயே கட்டச் சொல்லு. கதவ மட்டும் தெரு பக்கம் வைக்காதீங்க" என்றார்.

தொல்லியல் துறைக்கு விண்ணப்பம் எழுதியது நான். நூறு மீட்டரைத் தாண்டினாலும் அனுமதி வேண்டுமே. 'கழிப்பறை' என்று எழுதுவதா, 'சுகாதார வளாகம்' என்று எழுதுவதா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது என்று எழுதினேன், அனுதாபம் தேடுவது போல் இருக்கிறதென்று அடித்தேன், மறுபடி எழுதினேன். நூற்று நாலு என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். நாடா தொய்ந்திருந்தால்? வீட்டுக்குள் வளைந்து வந்திருந்தால்? கணவரைத் தொந்தரவு செய்து இன்னும் இரண்டு தடவை அளக்க வைத்தேன். ஒருமுறை நூற்று மூன்றே முக்கால், ஒருமுறை நூற்று நாலேகால். நூற்று நாலு என்றே அனுப்பினேன். வீடு, வாசல், மதில் என்று படங்களும் வைத்தோம். ஒரு படத்தில் மாமியார் இறாலோடு உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார்.

பிறகு காத்திருந்தோம். மகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். ஒரு டம்ளருக்கு ஒரு தடவை நான் தூக்கிக்கொண்டு போவேன். வாயிலைக் கடக்கும்போது அவள் கண்ணை என் முந்தானையால் மூடிவிடுவேன். அவள் ஒத்துக்கொண்டாள், ஆனால் டம்ளரில் பாதிதான் குடித்தாள். மீதி எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. கனகாம்பரம் பூத்துக்கொண்டே இருந்தது.

காத்திருந்த நாட்களில் அவளுக்கு மறுபடி உடம்பு சுட்டது. அன்று மத்தியானம் கணவர் ஏரியிலிருந்து வந்ததும் வராததுமாக, "பின்னாலயே கட்டிடுங்க. யாரும் பார்க்கமாட்டாங்க. பார்த்தா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று நானே நினைத்ததில்லை.

அவர் கால் மணலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வரும்போது நானும் அந்த போர்டப் படிச்சிட்டேன்" என்றார். "முழுசா. இப்ப இன்னா பண்றது?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கரையில் இருக்கும்போதெல்லாம் தெருக்கோடிக்கு அவரே தூக்கிக்கொண்டு போனார். அவர் தோளிலிருந்து பார்த்தால் மூட்டைக்கார மாமா குள்ளம் என்று அவள் வந்து சொன்னாள்.

ஒருநாள் தொல்லியல் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் அவர்களுடைய நாடாவோடு வந்தார்கள். மாமனார் அவர்களிடம் பாகக் கணக்கை விளக்கினார். அவர்களில் இளையவர் கையை விரித்துக் காட்டி, "என் கைக்கு எத்தனை பாகம் வரும், தாத்தா?" என்று கேட்டார். மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்து, "கடலுக்கு ஆவாது. ஆபீசுக்குப் போதும்" என்றார். அவர்கள் நாடாவில் நூற்று மூன்று சொச்சம் வந்தது. நான் நூற்று நாலு என்று எழுதியதற்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர்கள் புரியாமல் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. அதை மூன்று தடவை படித்தேன், அடியில் இருந்த சிறிய எழுத்துகள் உட்பட.

இப்போது எங்கள் வாசலில் முதலில் தெரிவது அதுதான். கதவு பக்கவாட்டில். மாமியார் அதன் தெருப்பக்கச் சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, அடியில் செம்மண் பட்டை இழுக்கச் சொன்னார். திருவிழாவுக்கு அம்மன் வந்தபோது அவர் தேங்காய்த் தட்டோடு சரியாக அந்தச் சுவரை மறைத்தபடி நின்றார். மார்க்கெட்டில் யாரோ, "உங்க வூட்டுக்கு விருந்தாளி வந்தா எங்க உக்கார வெக்கிறீங்க?" என்று கேட்டார்களாம். "மொதல்ல அங்க. அப்பால கூடத்துல" என்றாராம்.

போன வாரம் பின்வாசலுக்குத் துணி காயப்போடப் போனேன். பெட்டியில் கனகாம்பரம் துவண்டு கிடந்தது. இலைகள் சுருண்டிருந்தன, மண் வெடித்திருந்தது. பூவே இல்லை. துணி வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தினேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். அடிவரைக்கும் காய்ந்திருந்தது. நான் மறந்திருந்தேன், இத்தனை நாளாக வேறு யார் கையிலிருந்தும் ஒரு சொட்டும் விழவில்லை.

வாசலில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "அம்மா, போய்ட்டேன், வந்துட்டேன்!" என்று மகள் கத்தினாள், தெருவுக்கே கேட்கும்படி. மெதுவாகப் பேசு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

செடிக்குத் தண்ணீர் எடுத்துவர எழுந்தேன். பிறகு மறுபடி உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் செடி அப்படியே இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.